ஆர்கானிக் காட்டன் என்று போட்ட குழந்தை உடுப்பை எதை வைத்து நம்புவது?

நீங்கள் கேட்டது இது: எட்டு மாதக் குழந்தைக்கு ஆன்லைனில் ஒரு உடுப்பு வாங்கியிருக்கிறீர்கள், அட்டையில் 'ஆர்கானிக் காட்டன்', 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று அச்சிட்டு ஒரு பச்சை இலை போட்டிருக்கிறார்கள், விலை சாதாரண உடுப்பைப் போல இரண்டு மடங்கு. இது நிஜமா, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோதுதான் அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடப்பது தெரிந்தது. ஒன்று, இந்தத் துணி என் குழந்தையின் தோலுக்கு ஆகுமா. இன்னொன்று, பருத்தி விளைந்த மண்ணையும் சாயம் போட்ட ஊரின் ஆற்றையும் கெடுக்காமல் இது வந்ததா. இரண்டுக்கும் முத்திரைகள் வேறு, சரிபார்க்கும் விதம் வேறு. நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் பல வருடமாக சர்டிபிகேட் வேலை பார்க்கிறவன், அதாவது ஆடிட்டர் வந்தால் ஃபைலோடு எதிரில் உட்காருகிற ஆள். அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஏற்கெனவே தடிப்போ அரிப்போ இருந்தால் அதற்கு தோல் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், அது என் வேலை இல்லை.

முதலில் வீட்டுச் சோதனை. ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ் மாதிரி இழை, உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் மாதிரி செயற்கை இழை கலந்திருக்கிறது. அவ்வளவுதான் தெரியும். பருத்தியாகவே இருந்தாலும் அது ஆர்கானிக்கா இல்லையா என்பது எரித்தாலும் தெரியாது, தடவிப் பார்த்தாலும் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. ஆர்கானிக் துணி கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது வெளுக்காத துணி, அவ்வளவே. எந்தப் பருத்தியையும் வெளுக்காமல் விட்டால் அப்படித்தான் இருக்கும். ஆய்வகத்தில் கொடுத்தாலும் முடிந்த உடுப்பை வைத்து இது ஆர்கானிக் என்று எழுதித் தரக்கூடிய சோதனை எதுவும் கிடையாது. மரபணு மாற்றிய பருத்தியா என்று பார்க்க 2019-ல் ஐ.எஸ்.ஓ. மூலமாக ஒரு பொதுவான முறை வந்தது. ஆனால் அது விதை, இலை, பஞ்சு என்ற கட்டத்துக்கு உரியது. வேகவைத்து, வெளுத்து, சாயம் போட்ட துணியில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதோடு மரபணு மாற்றாத பருத்தி என்பதாலேயே அது ஆர்கானிக் ஆகிவிடாது, அதற்கும் ரசாயன உரமும் மருந்தும் அடித்திருக்கலாம்.

துணியைப் பார்த்துத் தெரியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? காகிதத்தைத்தான். ஆர்கானிக் உடுப்பு என்பது வயல், ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதையைப் பிரிப்பது), ஸ்பின்னிங் மில், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல் என்று கைமாறி வருகிற ஒரு கணக்கு. உலகம் முழுக்க அதிகம் செல்லுபடியாகிற சான்று குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்ட், எங்கள் ஊரில் காட்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். 2000-களின் நடுவில் வந்தது. அதில் இரண்டு காகிதங்கள் முக்கியம். ஒன்று ஸ்கோப் சர்டிபிகேட்: இந்தக் கம்பெனி இன்ன வேலையை இந்தத் தரப்படி செய்யத் தகுதியானது என்று ஒரு வருடத்துக்குக் கொடுப்பது. இன்னொன்று டி.சி., டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்: இன்ன இன்வாய்சில் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இத்தனை கிலோ சரக்கு போயிற்று என்பதற்கான சான்று. ஸ்கோப் இருந்தால் மட்டும் போதாது, டி.சி. வந்தால்தான் அந்தச் சரக்கு ஆர்கானிக் கணக்கில் ஏறும்.

ஆடிட்டில் என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஒரு கம்பெனி 10,000 குழந்தை உடுப்புகள் அனுப்பியிருக்கிறது, ஒன்று 90 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 900 கிலோ. கட்டிங் டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு வேஸ்ட் போனால் 1,125 கிலோ துணி வெட்டியிருக்க வேண்டும். சாயத்திலும், துணியை அமுக்கிச் சீராக்குகிற காம்பாக்டிங்கிலும் போகிற எடையைச் சேர்த்தால் சுமார் 1,200 கிலோ நூல். அது இழையைச் சீவி நூற்ற கோம்பட் நூல் என்றால் மில்லில் குட்டை இழை கழிந்து போவதால் பின்னால் 1,600 கிலோவுக்கு மேல் பஞ்சு இருந்திருக்க வேண்டும். ஆடிட்டர் நூல் டி.சி.யை எடுத்துப் பார்ப்பார். அதில் 800 கிலோதான் இருக்கிறது என்றால் மீதி நூல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும், பதில் சொல்ல முடியாது. குடோனில் ஆர்கானிக் நூல் மூட்டையும் சாதாரண நூல் மூட்டையும் தனித்தனியாக அடுக்கி, லாட் நம்பர் ஒட்டி, எந்த மெஷினில் எந்த நாள் ஓட்டினோம் என்று ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருக்க வேண்டும். இப்படி எடை எடையாகச் சரிபார்ப்பதால், திருப்பூர் கட்டத்தில் கலப்படம் செய்வது கஷ்டம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நூல் உள்ளே வந்ததிலிருந்து பெட்டி வெளியே போகும் வரை உள்ள கணக்கை நான் பெரிய அளவுக்கு நம்புகிறேன்.

எனக்குக் கவலை இருப்பது சங்கிலியின் முதல் கண்ணியில். உலக ஆர்கானிக் பருத்தியில் பெரும் பங்கு இந்தியாவில் விளைகிறது, அதில் நிறைய மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத், ஒடிசா பக்கத்துச் சிறு விவசாயிகளுடையது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்காரர் ஒவ்வொருவரும் தனியாகச் சான்று வாங்க முடியாது என்பதால் குழுவாகச் சேர்த்துச் சான்று கொடுக்கும் முறை இருக்கிறது. குழுவுக்குள்ளேயே ஒருவர் எல்லா வயலையும் பார்த்துக் குறிப்பு எழுதுவார், வெளியிலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர் அதில் ஒரு பகுதி வயல்களை மட்டும் நேரில் பார்ப்பார். ஏழை விவசாயிக்கு வேறு வழியில்லை என்பதால் இந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஓட்டை விழுவதும் இங்கேதான். சுற்றிலும் இருக்கிற வயல்களில் பெரும்பாலும் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி, பி.டி. அல்லாத நல்ல விதை கிடைப்பதே பாடு, ஜின்னிங் ஃபேக்டரியில் எல்லாப் பருத்தியும் ஒரே முற்றத்தில் குவிகிறது. 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே வெளியில் வந்து, இந்தியாவில் 20,000 டன் பருத்தி பொய்யாக ஆர்கானிக் என்று சான்று பெற்றிருக்கிறது என்று அறிவித்தது. மோசடி எப்படி என்றால், பஞ்சுக்கான டி.சி.யையே போலியாகத் தயார் செய்து, அதில் இருக்கிற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடாவின் தளம் போலவே வடிவமைத்த ஒரு போலித் தளத்துக்குப் போகும்படி செய்திருந்தார்கள். 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டார்கள். அடுத்த 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, அபீடா மேற்பார்வையில் கொடுக்கிற ஆர்கானிக் சான்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்தியது. இதில் எனக்கு வயிறு எரிவது யாருக்காக என்றால், ரசாயனத்தை விட்டுவிட்டு, விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆர்கானிக்குக்கு மாறுகிற காலத்தில் கூடுதல் விலைகூட முழுசாகக் கிடைக்காமல் காத்திருந்த விவசாயிக்காக. போலிப் பஞ்சு மலிவாக வந்து விழுந்தால் அவனுடைய பஞ்சுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

சரி, உங்கள் கையில் இருக்கிற உடுப்புக்கு வருவோம். அசலான காட்ஸ் லேபிள் என்றால் வட்டத்துக்குள் சட்டை வடிவம் உள்ள அந்தச் சின்னம் மட்டும் இருக்காது. பக்கத்தில் 'ஆர்கானிக்' அல்லது 'மேட் வித் ஆர்கானிக்' என்ற தரம், சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், ஒரு லைசென்ஸ் எண் மூன்றும் இருக்க வேண்டும். 'ஆர்கானிக்' என்றால் இழையில் குறைந்தது 95 சதவீதம், 'மேட் வித்' என்றால் குறைந்தது 70 சதவீதம். அந்த லைசென்ஸ் எண்ணை காட்ஸ் தளத்தில் இருக்கிற பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. அட்டையில் இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அங்கே எந்தக் கம்பெனி பெயர் வருகிறது, அது குழந்தை உடுப்பு செய்கிற கம்பெனியா, சான்று நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு நெய்கிற மில்லின் எண் குழந்தை உடுப்பில் இருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொரு வழக்கமான வேலையையும் சொல்லிவிடுகிறேன். பிராண்டிடம் கேட்டால் உடனே ஒரு பி.டி.எஃப். அனுப்புவார்கள், பார்த்தால் அவர்களுக்கு நூல் கொடுத்த மில்லின் ஸ்கோப் சர்டிபிகேட்டாக இருக்கும். அந்த மில் சான்று பெற்றது என்பது உண்மைதான், ஆனால் அதே மில் சாதாரண நூலும் ஓட்டும், உங்கள் உடுப்புக்கு எது போனது என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி இல்லை. 'காட்ஸ் நூலில் செய்தது' என்று எழுதிவிட்டு நிட்டிங்கும் சாயமும் தையலும் சான்று இல்லாத இடத்தில் செய்திருந்தால் காட்ஸ் பெயரை உடுப்பில் போடவே விதியில் இடமில்லை. எங்கள் ஊர்க் காதர்பேட்டை மார்க்கெட்டில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு என்று விற்பதிலும் சில சமயம் அசல் டேக் தொங்கும். துணி நல்ல துணியாக இருக்கலாம், வாங்கிப் போடுங்கள், ஆனால் ஆர்கானிக் என்று சொல்லிக் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

லேபிளில் ஓ.சி.எஸ். என்று இருந்தால் அது ஆர்கானிக் இழை எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை மட்டும் சொல்வது, சாயத்தைப் பற்றியோ கழிவுநீரைப் பற்றியோ அது பேசாது. வெறும் இலை, வெறும் பூமி உருண்டை, 'நேச்சுரல்', 'பிளானட் ஃப்ரெண்ட்லி' என்று எண் இல்லாமல் இருந்தால் அது அந்தக் கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

அப்புறம் குழந்தையின் தோல். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர்களின் பயத்தை வைத்துத்தான் இந்த உடுப்புகள் விற்கின்றன. வயலில் அடித்த பூச்சி மருந்து பனியனில் தங்கி குழந்தைக்கு ஏறும் என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. பஞ்சு நூலாகி, துணியாகி, காரம் போட்டுக் கொதிக்கவைத்து, வெளுத்து, பல தண்ணீரில் அலசி வருவதற்குள் அதில் மிச்சம் இருப்பது மிகமிகக் குறைவு. தோலுக்கு ஆகாத சமாச்சாரம் இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் சேர்வது: சில சாயங்கள், பிரிண்டிங் பேஸ்ட், துணி சுருங்காமல் இருக்கப் போடுகிற ஃபார்மால்டிஹைடு ஃபினிஷ், பட்டனில் இருக்கிற நிக்கல். இதற்குப் பார்க்க வேண்டியது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100. 1992-லிருந்து இருக்கிறது. முடிந்த சரக்கை, நூல் பட்டன் உட்பட, ஆய்வகத்தில் சோதித்துக் கொடுப்பது. அதில் முதல் வகுப்பு மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது, அளவுகள் அங்கேதான் மிகக் கடுமை. அதற்கும் எண் உண்டு, அவர்கள் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் ஸ்டாண்டர்ட் 100 இருப்பதால் பருத்தி ஆர்கானிக் என்று அர்த்தமில்லை. (ஆர்கானிக்குக்கு என்று அவர்களே 2023-ல் தனி முத்திரை கொண்டு வந்தார்கள், அது வேறு.) காட்ஸிலும் சாயத்துக்கும் எச்சத்துக்கும் கட்டுப்பாடு உண்டு, அதனால் நிஜமான காட்ஸ் உடுப்பு என்றால் தோலைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். எது வாங்கினாலும் போடுவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துவையுங்கள், நெஞ்சில் பெரிய ரப்பர் பிரிண்ட் உள்ளதைத் தவிருங்கள், வெளிர் நிறம் எடுங்கள். தோலைப் பொறுத்தவரை பச்சை இலை போட்ட அட்டையை விட இது பலன் தரும்.

ஆற்றைப் பற்றிக் கேட்டீர்களே, அது எங்கள் ஊர்க் கதை. நொய்யல் சாயக்கழிவில் ஓடிய காலத்தில், பாசனத்துக்கு என்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்குகிற குட்டையாகிப் போனது, கீழே இருக்கிற விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதே என்று கேட்கிற நிலைமை வந்தது. விவசாயிகள் வழக்கு நடத்தி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்ற நிலை அதற்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. ரியாக்டிவ் சாயம் துணியில் பிடிக்க உப்பு நிறையப் போட வேண்டும், அந்த உப்புதான் மண்ணைக் கெடுத்தது. இப்போது ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே போடுகிறார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, முறையாக ஓடுகிற ஒரு திருப்பூர் பட்டறையில் எந்த முத்திரையும் இல்லாத சாதாரண பனியனுக்கும் இதே சுத்திகரிப்புதான் நடக்கிறது. இதைச் செய்ய வைத்தது சட்டமும் விவசாயிகளின் வழக்கும், எந்த லேபிளும் இல்லை. அந்த ஆவியாக்கும் வேலைக்கு விறகும் நிலக்கரியும் மின்சாரமும் எக்கச்சக்கமாகச் செலவாகிறது என்பதும் உண்மை, அதை எந்த அட்டையிலும் போட மாட்டார்கள்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. 'ஆர்கானிக் பருத்திக்கு 91 சதவீதம் குறைவான தண்ணீர்' என்று சில பிராண்டுகள் போடும். அந்த எண் 2014-ல் வந்த ஒரு ஆய்விலிருந்து எடுத்தது. அதில் வந்த ஆர்கானிக் வயல்கள் பெரும்பாலும் மானாவாரி, எதிரில் வைத்த சாதாரணப் பருத்திக் கணக்கில் பாசனம் செய்கிற பகுதிகளும் இருந்தன. மழையை நம்பி விளைகிற பருத்திக்குப் பாசனத் தண்ணீர் குறைவு, அது ஆர்கானிக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரசாயன உரமும் மருந்தும் இல்லை என்பது ஆர்கானிக்கின் நிச்சயமான பலன், அதைச் சொன்னாலே போதும்.

விலைக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்குப்படி 90 கிராம் உடுப்புக்கு சுமார் 160 கிராம் பஞ்சு. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி 57,000 ரூபாய் என்று வைத்தால் கிலோ 160, ஆக உங்கள் உடுப்பில் இருக்கிற பஞ்சின் விலை 26 ரூபாய்க்குள். ஆர்கானிக் பஞ்சுக்கு இதற்கு மேல் பாதி விலை கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் கூடுவது 13 ரூபாய். சான்றுக் கட்டணம், டி.சி. செலவு, சின்ன லாட்டாக ஓட்டுவதால் வருகிற கூடுதல் கூலி எல்லாம் சேர்த்தாலும் நூற்றுக்கணக்கான ரூபாய் வித்தியாசத்துக்குப் பருத்தி காரணமாக இருக்க முடியாது. அது பிராண்டுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், ஆனால் அந்தப் பணம் விவசாயிக்குப் போகிறது என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சாப்பாட்டுப் பொருளில் 'ஆர்கானிக்' என்று போட 2017-லிருந்து தனி விதி இருக்கிறது, ஜைவிக் பாரத் சின்னம் அப்படி வந்ததுதான். அதைத் துணியில் தேடாதீர்கள். 1991-லேயே மண்பானைச் சின்னத்தோடு ஈகோமார்க் என்று மத்திய அரசு ஒரு முத்திரை கொண்டு வந்தது, கம்பெனிகள் அதிகம் சீண்டவில்லை, 2024-ல் புது விதிகளோடு மறுபடி அறிவித்திருக்கிறார்கள். உங்களுக்குக் கைகொடுப்பது 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த வழிகாட்டு நெறிகள்: 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'நேச்சுரல்', 'ஆர்கானிக்', 'சஸ்டெய்னபிள்' மாதிரி வார்த்தைகளைப் போட்டால் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு அது எட்டும்படியும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2026 செப்டம்பரிலிருந்து இதை விடக் கடுமையான சட்டம் நடைமுறைக்கு வருகிறது, முறையான சான்று அமைப்பு இல்லாத பச்சை முத்திரைகளை அங்கே போடவே கூடாது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, உடுப்பின் உள் லேபிளையும் தொங்குகிற அட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிராண்டுக்கு மெயிலில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தரத்தின் கீழ் இது ஆர்கானிக், லைசென்ஸ் எண் என்ன, சான்று கொடுத்த நிறுவனம் எது. டி.சி. காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், அதில் வியாபாரி பெயரும் அளவும் இருப்பதால் நேர்மையான கம்பெனியே தயங்கும், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எண்ணைக் கொடுக்கத் தயங்கினால் மட்டும் முடிவு கட்டலாம். உண்மையாகச் சான்று வாங்கிய கம்பெனி அந்த எண்ணை மறைக்கவே மறைக்காது, காசு கொடுத்து வாங்கியதே காட்டுவதற்குத்தான். எண் இருந்து தரவுத்தளத்தில் வரவில்லை என்றால் காட்ஸ் தளத்திலேயே புகார் கொடுக்கிற வசதி இருக்கிறது. எண்ணே இல்லை, வெறும் இலைதான் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து, அந்தப் படங்களையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பதில் மெயில் வரவில்லை என்றால் நீங்கள் அனுப்பிய மெயிலைத் தேதியோடு இணைத்தாலே போதும். உடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம், நன்றாகத் துவைத்துப் போடுங்கள்.